சிறு சரக்கு வண்டிகளின் மழைக்காலப் பிடிமானம்

சிறு சரக்கு வண்டிகளின் மழைக்காலப் பிடிமானம் என்பது, பின்சக்கரங்கள் இரண்டால் மட்டும் உந்தப்படும் பிக்கப் வகை வண்டிகள் ஈரத் தரையில் வழுக்காமலும் சேற்றில் சிக்காமலும் ஓடும் திறனைக் குறிக்கும். பனி பொழியும் நாடுகளில் இது குளிர்காலத்துச் சிக்கல். மதுரைச் சமவெளியில் பனிப்பொழிவு கிடையாது. இங்கு அதே சிக்கல் வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகிறது. வழுக்குவது பனிக்கட்டியானாலும் களிமண்ணானாலும் அதன் இயற்பியல் ஒன்றே. ஆகவே பனி நாடுகளில் கையாளப்படும் மலிவான வழிகளில் சில இங்கும் பயன்படுகின்றன, சில பயன்படுவதில்லை.

இக்கட்டுரையில் "இருசக்கர இயக்கம்" என்பது நான்கு சக்கரங்களில் இரண்டுக்கு மட்டும் எஞ்சினின் ஆற்றல் செல்லும் அமைப்பைச் சுட்டும். மோட்டார் சைக்கிளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒத்தக்கடைச் சூழல்

ஒத்தக்கடை, மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். 1965இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி இதன் அருகில் உள்ளது. மதுரையின் பெரிய காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் இயங்கும் மாட்டுத்தாவணி இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். திருமோகூர்ப் பக்கத்திலிருந்தும் மேலூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் விளைபொருள்கள் இவ்வழியே நகருக்குள் நுழைகின்றன.

இவற்றைச் சுமப்பவை பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகள். 2005இல் விற்பனைக்கு வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டில் "குட்டி யானை" என்றே அறியப்படுகிறது. யானைமலை அடிவாரத்தில் குட்டி யானைகள் வரிசையாக நிற்பதை உள்ளூரில் யாரும் வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. அந்த அளவுக்குப் பெயர் பழகிவிட்டது. மகிந்திரா பொலேரோ பிக்கப், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவையும் பரவலாக ஓடுகின்றன. நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலை கூடுதல், எரிபொருள் செலவும் கூடுதல். ஆண்டில் இரண்டு மூன்று மாதச் சேற்றுக்காக அந்தச் செலவை ஏற்கச் சிறு உரிமையாளர்களால் முடிவதில்லை.

நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலை. அங்கே சேறு இல்லை. சிக்கல் தொடங்குவது வயலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் உள்ள தொலைவில். கண்மாய்க் கரையின் மேல் செல்லும் வண்டிப்பாதை, வாய்க்காலைக் கடக்கும் மண்மேடு, களத்திலிருந்து ஏறும் சரிவு ஆகிய இடங்களில்தான் வண்டி நின்றுபோகும். மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் மணல் கலந்திருப்பதால் மழை விட்டதும் விரைவில் நீர் வடியும். கண்மாய் வண்டல் படிந்த இடங்கள் அப்படியல்ல. மாவட்டத்தின் மறுபுறம், திருமங்கலம், பேரையூர் பகுதிகளின் கரிசல் மண் இன்னும் மோசம். ஈரம் பட்டதும் உப்பிப் பசைபோல் ஆகி, டயரின் பள்ளங்களை அடைத்து, பட்டன் டயரையும் மொட்டை டயராக்கிவிடும்.

பூ ஏற்றும் வண்டிக்கு இது கூடுதல் துன்பம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் விளைச்சல் குளிர்மாதங்களில் வெகுவாகக் குறையும். மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பது அதனால்தான். அந்த நாட்களில் சில கிலோ பூவே ஒரு குடும்பத்தின் வார வருமானமாக இருக்கக்கூடும். விடியலில் பறித்த மொட்டு, மலர்வதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி சேற்றில் இரண்டு மணி நேரம் நின்றால் பூ விலை இழக்கும். பூ மூட்டைக்கு இடம் அதிகம், எடை குறைவு என்பது இன்னொரு தொல்லை. சரக்கு நிறைந்திருந்தாலும் வண்டி ஏறத்தாழ வெற்று வண்டியாகவே நடந்துகொள்ளும்.

வெற்று வண்டி ஏன் வழுக்குகிறது

சக்கரம் தரையைத் தள்ளும் விசைக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது, அந்தச் சக்கரத்தின் மேல் உள்ள எடையையும் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தையும் பெருக்கிவரும் அளவு. உலர்ந்த தார்ச்சாலையில் குணகம் ஏறத்தாழ 0.7 முதல் 0.8 வரை இருக்கும். நனைந்த தார்ச்சாலையில் 0.4 முதல் 0.5 வரை. இறுகிய பனியில் 0.2 அளவு. வழுக்கும் ஈரக் களிமண்ணும் இந்தக் கடைசி எண்ணுக்கு அருகிலேயே வருகிறது.

பிக்கப்பின் எஞ்சினும் கேபினும் முன்புறம் உள்ளன. குட்டி யானையிலும் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான். சரக்கு ஏற்றாதபோது எடையின் பெரும்பங்கு முன் அச்சில் விழுகிறது. உந்த வேண்டிய பின்சக்கரங்களோ எடையின்றி நிற்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: வெற்று வண்டியின் எடை 1,500 கிலோ, அதில் பின் அச்சின் மேல் 600 கிலோ என்று கொள்வோம். குணகம் 0.25 என்றால் பின்சக்கரங்கள் தரக்கூடிய உச்சத் தள்ளுவிசை 150 கிலோ எடைக்குச் சமம். சேற்றில் டயர் உருள்வதற்கு எதிரான தடை, வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் அதுவும் 150 கிலோ. இரண்டும் சரிக்குச் சரி. அந்த இடத்தில் வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் 1,500 கிலோவும் பிடிமானத்துக்குப் பயன்படும். தள்ளுவிசை 375 கிலோ ஆகும். எந்த மலிவான உத்தியும் இந்த எண்ணை எட்டாது. ஆனால் பெரும்பாலான நாட்களில் வண்டிக்குக் குறைவது இருபது, முப்பது கிலோ விசைதான். அந்தச் சிறு இடைவெளியை நிரப்பினாலே போதும்.

டிஃபரென்ஷியலின் இயல்பும் இதில் சேர்கிறது. திருப்பத்தில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் இந்தப் பல்சக்கர அமைப்பு, இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிர்ந்து தரும். ஒரு சக்கரம் சகதியில் எதிர்ப்பின்றிச் சுற்றினால், உறுதியான தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போய்ச் சேரும்.

முதலில் டயர்

செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் அது டயருக்குப் போக வேண்டும். மேற்சொன்ன கணக்கில் குணகம் 0.25இலிருந்து 0.35 ஆக உயர்ந்தால் தள்ளுவிசை 150இலிருந்து 210 ஆகிறது. வேறெதுவும் மாற வேண்டியதில்லை. இந்திய மோட்டார் வாகன விதிகள், நான்கு சக்கர வண்டிகளின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அது சட்டத்தின் கடைசி எல்லை. சேற்றுப் பாதைக்கு அது போதாது.

லாரிக்காரர்களிடம் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு: முன்னால் நீளக் கோடுகள் கொண்ட "ரிப்" டயர், பின்னால் குறுக்குக் கட்டைகள் கொண்ட "லக்" டயர். ரிப் திருப்பத்துக்கு நல்லது. லக் மண்ணைக் கடித்துத் தள்ளும். பிக்கப்புக்கும் இது பொருந்தும். புதிய லக் டயர் வாங்க முடியாதபோது, உடல் கெடாத பழைய டயரை லக் வார்ப்பில் ரீட்ரெட் செய்யலாம். புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். ரீட்ரெட் டயரை முன்சக்கரங்களில் போடக் கூடாது. அச்சில் ஒரு பக்கம் புதியது, மறு பக்கம் தேய்ந்தது என்று ஓட்டுவதும் தவறு. தேய்ந்த பக்கம்தான் முதலில் சுற்றத் தொடங்கும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அடிக்கடி வரும் "குளிர்கால டயர்" மதுரைக்கு வேண்டாதது. அதன் ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழும் இறுகாமல் இருப்பதற்காகக் கலக்கப்படுவது. மதுரையின் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் வருவதில்லை. இங்கே அது விரைவாகத் தேய்வதைத் தவிர வேறு பயன் தராது.

எடை மூட்டை

பனி நாடுகளில் பிக்கப் உரிமையாளர்கள் பின்புறம் மணல் மூட்டைகளைப் போட்டு ஓட்டுவது பழைய பழக்கம். கணக்கில் 150 கிலோவைப் பின் அச்சின் நேர் மேலே வைத்தால் பின்சக்கர எடை 750 கிலோ ஆகும். தள்ளுவிசை ஏறத்தாழ 187, உருள் தடை 165. இப்போது 22 கிலோ மிச்சம், வண்டி நகரும். கெட்டியான பட்டைகள் கொண்ட பின் அச்சு, மேடுபள்ளத்தில் வெற்று வண்டியைத் துள்ளவைப்பதும் இதனால் குறையும்.

மூட்டைக்குப் பழைய உரச் சாக்கே போதும். ஆற்று மணல் விலை ஏறிய பொருள். அதைத் தேட வேண்டியதில்லை. பொடி ஜல்லி அல்லது சரளை நிரப்பினால் நல்லது. வண்டி சிக்கிக்கொண்டால் ஒரு சாக்கைப் பிரித்துச் சக்கரத்தின் முன் கொட்டலாம் என்பது அதன் கூடுதல் பயன். செம்மண் நிரப்பிய சாக்கு மழையில் ஊறிக் கிழிந்து, பாடியையே சகதியாக்கிவிடும். பாதி நிரம்பிய தண்ணீர் டிரம் அறவே கூடாது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியையும் சாய்க்கும்.

மூட்டையை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் நெம்புகோல்போல் முன்புறத்தைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் இலேசாகி, ஈரத்தில் வண்டி திரும்ப மறுக்கும். கேபினை ஒட்டி வைத்தால் எடையின் பாதி முன் அச்சுக்குப் போய்விடும். பின்சக்கர வளைவுகள் இரண்டுக்கும் நடுவே வைத்து, பாடியின் கொக்கிகளில் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத 50 கிலோ மூட்டை, திடீர் பிரேக்கில் கேபினின் பின்பக்கத்தை நோக்கிப் பாயும். கிரானைட் குவாரிகள் இருந்த பகுதி என்பதால் கழிவுக் கற்கள் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றைக் கட்டாமல் போடுவது மூட்டையைவிடப் பல மடங்கு ஆபத்து.

ஆட்களைப் பின்னால் ஏற்றி "எடை" கொடுப்பது ஊர்ப்புறங்களில் காணப்படும் வழக்கம். சரக்கு வண்டியின் பின்புறம் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, வண்டி திடீரெனப் பிடித்துக் குதிக்கும்போது விழுபவர் பின்சக்கரத்துக்கு அருகிலேயே விழுகிறார். மூட்டையின் எடை வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமைக்குள் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறும். முழு லோடு ஏற்றும் நாளில் மூட்டையை இறக்கிவிட வேண்டும்.

எடை எல்லா இடத்திலும் உதவாது. அடியில் கெட்டித் தரை இருந்து, மேலே விரற்கடை அளவு வழுக்கல் இருக்கும் இடத்தில் மட்டுமே அது பிடிமானம் தரும். அறுவடை முடிந்த ஈர வயல், வண்டல் படிந்த பள்ளம் போன்ற ஆழ்ந்த சேற்றில் எடை கூடக் கூட டயர் புதையும். உருள் தடை தள்ளுவிசையைவிட வேகமாக ஏறும். கடப்பாரையைக் கையால் ஊன்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சாணுக்கு மேல் எளிதாக இறங்கினால் அது வண்டி போகும் பாதை அல்ல. நெல்லோ கரும்போ தலைச்சுமையாக மேட்டுக்கு வர வேண்டியதுதான்.

காற்றழுத்தம்

செலவே இல்லாத வழி, டயரில் காற்றைக் குறைப்பது. அழுத்தம் குறைந்தால் டயர் தரையில் படியும் பரப்பு நீளும், புதைவது குறையும். வெற்று வண்டியில் பின்டயர்களின் அழுத்தத்தைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். அதன் பின் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, லோடும் கூடாது. தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் காற்று அடித்தாக வேண்டும். ஆகவே காற்றடிக்கும் பம்பு வண்டியில் இல்லாதவர் இதைச் செய்யவே கூடாது.

காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம். மழைநீர் தேங்கிய சாலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை, 1960களில் நாசா விமான டயர்களில் நடத்திய ஆய்வுகள் ஒரு எளிய வாய்பாடாகத் தந்தன. அழுத்தத்தின் வர்க்க மூலத்தை ஏறத்தாழ 16.7ஆல் பெருக்கினால் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 49 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது ஏறத்தாழ 117 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 83 கிலோமீட்டர்தான். பின்னது, மேலூர் சாலையில் அன்றாடம் ஓடும் வேகம். டயர் தேய்ந்திருந்தால் இதற்கும் குறைந்த வேகத்தில் மிதக்கக்கூடும்.

கயிறும் மட்டையும்

பனி மலைகளில் டயர்மேல் இரும்புச் சங்கிலி சுற்றுவார்கள். மணாலிக்கு மேல் உள்ள சாலையில் பனி கொட்டும் நாட்களில் நான்கு சக்கர இயக்க வண்டிகளையும் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டுமே காவல்துறை விடுவது உண்டு. சமவெளிச் சேற்றில் சங்கிலியின் வேலையைத் தடித்த தேங்காய்நார்க் கயிறு ஓரளவு செய்யும். ரிம்மின் துளைகள் வழியே நுழைத்து, டயரின் குறுக்கே நான்கைந்து இடங்களில் இறுகச் சுற்றி முடிய வேண்டும். முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உட்பக்கம் பிரேக் குழாயில் உரசாததைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நடக்கும் வேகத்தில் சேற்றைக் கடந்ததும் கழற்றிவிட வேண்டும்.

சக்கரம் புதைந்துவிட்டால் முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். டயருக்கு முன்னால் சரிவாக வெட்டி, அந்தச் சரிவில் எதையாவது பரப்ப வேண்டும். பனைமட்டை மிக நல்லது. அதன் கருக்கு மண்ணையும் டயரையும் ஒருசேரப் பிடிக்கும். பலகை, சாக்கு, சரளை ஆகியவையும் உதவும். ஈர வைக்கோல் மட்டும் தனியாகப் போட்டால் சேற்றோடு குழைந்து மேலும் வழுக்கும். சாக்கோ பலகையோ டயருக்கு அடியிலிருந்து பின்னோக்கி வீசப்படலாம். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது.

டிராக்டர் கொண்டு இழுப்பது கடைசி வழி. கயிற்றைச் சேசிஸில் உள்ள இழுவைக் கொக்கியில் கட்ட வேண்டும். பம்பரிலோ பட்டையிலோ கட்டக் கூடாது. வெட்டி இழுக்காமல் மெல்ல இழுக்க வேண்டும். அறுந்த கயிறு சாட்டைபோல் திரும்பும்.

ஓட்டும் முறை

வெற்று வண்டியை ஈர மண்ணில் இரண்டாம் கியரில் எடுப்பது நல்லது. சக்கரத்துக்குப் போகும் விசை குறைவதால் சுற்றல் குறையும். ஒரே சீரான வேகம், நேரான ஸ்டீயரிங், நடுவில் நிறுத்தாமை ஆகிய மூன்றும் காசு செலவில்லாதவை. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பது, குழியை ஆழமாக்குவதைத் தவிர எதுவும் செய்யாது. கிளட்ச் கருகும் வாடை வந்த பின்னும் முயல்பவர், ஒரு சேற்றுக் குழிக்காகக் கிளட்ச் பிளேட்டை விலையாகக் கொடுக்கிறார்.

ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றும்போது ஹேண்ட் பிரேக்கைப் பாதியளவு இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்துவது ஒரு பழைய உத்தி. சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்புக் கிடைப்பதால் மறு சக்கரத்துக்கும் விசை போகும். ஹேண்ட் பிரேக் இரு பின்சக்கரங்களின் டிரம்மிலும் பிடிக்கும் வண்டிகளில் மட்டுமே இது நடக்கும். சில நொடிகளுக்கு மேல் செய்தால் பிரேக் சூடாகும்.

கண்மாய்க் கரை ஏறும்போது வண்டியை முன்முகமாகவே ஏற்ற வேண்டும். சரிவில் எடை கீழ்ப்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் எடை கிடைக்கும். ரிவர்ஸில் ஏறினால் பிடி கூடும் என்ற பேச்சு முன்சக்கர இயக்கக் கார்களுக்குப் பொருந்தும். பிக்கப்புக்கு அது நேர்மாறு.

தார்ச்சாலையும் தரைப்பாலமும்

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், தூசியும் எண்ணெய்க் கசிவும் நீரோடு கலந்து தார்ச்சாலையை வழுக்கலாக்கும். வெற்று பிக்கப்பின் பின்சக்கரங்கள் அப்போது சின்ன பிரேக்குக்கே இறுகி, பின்புறம் பக்கவாட்டில் வீசும். சேற்றுப் பாதையிலிருந்து ஏறிய வண்டி, டயரில் ஒட்டிய மண் உதிரும் வரை முதல் சில நூறு மீட்டரை மெதுவாகக் கடக்க வேண்டும்.

ஓடும் நீரில் மேற்சொன்ன எதுவும் உதவாது. முப்பது சென்டிமீட்டர் ஓட்டத்திலேயே சிறு வண்டிகள் மிதக்கத் தொடங்கலாம். அறுபது சென்டிமீட்டர் பிக்கப்பையும் அடித்துச் செல்லும். வைகையில் வெள்ளம் வரும்போது மதுரையின் தரைப்பாலங்கள் அடைக்கப்படுவது இதனால்தான். மிதக்கும் வண்டியில் டயருக்கும் தரைக்கும் தொடர்பே அற்றுப்போகிறது. மூட்டையின் எடை அங்கே கணக்கில் வராது.

பருவம் முடிந்த பின்

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மூட்டைகளை இறக்கிவிட வேண்டும். 150 கிலோவை ஆண்டு முழுவதும் சுமந்தால் மைலேஜ் குறையும், பட்டையும் தளரும். பின் டிரம்களுக்குள் புகுந்த சேறு காய்ந்து, லைனிங்கைத் தேய்க்கும் உப்புத்தாள்போல் ஆகியிருக்கும். ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம். ஆழ்ந்த நீரில் இறங்கிய வண்டியானால் பின் அச்சின் ஹவுசிங் எண்ணெயைப் பார்க்க வேண்டும். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்; எண்ணெயை மாற்றிய பிறகே அடுத்த லோடு ஏற்ற வேண்டும்.